குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல், பெட்டைகளுக்குத் தோல் முட்டை

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபாலில் வீட்டின் பின்புறம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு மாதக் குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்து, ஒவ்வொன்றாகச் சாகின்றன. பெட்டைகளின் முட்டையும் குறைந்துவிட்டது. சில, கெட்டியான ஓடில்லாத தோல் முட்டைகளாக விழுகின்றன. எல்லாம் ஒரே கூண்டில்தான் இருக்கின்றன. முட்டைக்கோழித் தீவனத்துடன் மீந்த சோறும் போடுகிறேன். வைட்டமின் மருந்து கொடுத்தும் பயனில்லை.

பதில்: அம்மா, குஞ்சுகளின் வயதையும் அறிகுறியையும் பார்த்தால், இது பெரும்பாலும் ஐமீரியா என்னும் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக்கழிச்சலாகவே இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளையே இது அதிகம் தாக்கும். எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்ட பெரிய கோழிகள் நலமாகத் தெரிந்தாலும், அவற்றின் எச்சத்தில் இந்த ஒட்டுண்ணி வெளியேறிக்கொண்டிருக்கும்; பினாங்கின் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஓரிரு நாளிலேயே அது தொற்றும் பக்குவத்தை அடைந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அது சாவதில்லை. ஆகவே குஞ்சுகளை இன்றே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது தரை. தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே தரையில் பரப்பியுள்ள உமியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்து விழுந்தால் நல்லது; உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி என்று பொருள். அப்படியானால் முழுவதையும் வாரிக் கொட்டி, தரையைக் காயவிட்டு, நெல் ஆலையில் கிடைக்கும் புதிய உமியை மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள். சாரல் விழும் பக்கத்தில் கூரையை நீட்டுங்கள். பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். இதைச் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் நோய் திரும்பத் திரும்ப வரும்.

மருந்தாக அம்ப்ரோலியத்தைக் குடிநீரில், உறையில் குறித்துள்ள அளவிலும் நாள்கணக்கிலும் கொடுக்கலாம். அது வைட்டமின் பி1 ஒட்டுண்ணிக்குக் கிடைக்காமல் தடுத்தே வேலை செய்கிறது. எனவே பி1 கலந்த வைட்டமின் மருந்தை அந்நாட்களில் நிறுத்திவிடுங்கள்; இல்லையெனில் மருந்தின் பலன் குறையும்.

தோல் முட்டைக்கு வேறு காரணம். மீந்த சோற்றால் வயிறு நிரம்பிய பெட்டை தீவனத்தைக் குறைவாகவே தின்னும். அதனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் போகும். வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கும் கோழிக்கும் ஓடு மெலியும் என்பதால், நண்பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் வேண்டும். சோற்றை நிறுத்திப் பாருங்கள். சமைத்தபின் எறியும் சிப்பி ஓடுகளைக் கழுவி, காயவைத்து, சிறு துண்டுகளாக இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், தேவையான பெட்டை தானே கொத்திக்கொள்ளும். ஆனால் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றுக்குக் குஞ்சுத் தீவனமே ஏற்றது. குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் பகல்வெளிச்சக் குறைவு, முட்டை குறைவதற்கு இங்கே காரணமாகாது, ஏனெனில் பினாங்கில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்கிறது. அடைகாக்கும் பெட்டையும் இறகு உதிர்க்கும் பெட்டையும் முட்டையிடாதது இயல்பு.

ஒன்றை மட்டும் தாமதிக்காதீர்கள். பெரிய கோழிகள் பச்சையாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்தைத் திருகிக்கொண்டு அடுத்தடுத்துச் செத்தால், அது வெள்ளைக்கழிச்சல் (ராணிகெட்) என்னும் தொற்றுநோயாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு, குணப்படுத்தும் மருந்து இல்லை. எந்தக் கோழியையும் விற்காமலும் அறுக்காமலும், உடனே கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.