மெசூசா: யூத வீட்டு வாசல் நிலையில் என்ன இருக்கிறது? (கேள்வி பதில்)

கேள்வி: யூதர்கள் வாசல் நிலையில் ஒரு சின்னப் பெட்டியை அடித்து வைத்திருக்கிறார்களே, அது என்ன?

அதுதான் மெசூசா. ஆனால் பெட்டி வெறும் உறை. வெள்ளியோ பிளாஸ்டிக்கோ, எதுவானாலும் சரி. உள்ளே சுருட்டி வைத்த தோலேடுதான் முக்கியம். பைபிளின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தின் 6, 11 அதிகாரங்களின் இரண்டு பகுதிகள் அதில் எபிரேயத்தில் இருக்கும். இந்த வார்த்தைகளை வீட்டு நிலைகளில் எழுது என்ற கட்டளையும் அவற்றிலேயே வருகிறது.

கேள்வி: அச்சடித்த தாள் போதாதா? தோலேடு விலை அதிகமாக இருக்கிறதே.

போதாது. கோஷர் விலங்கின், அதாவது யூத மதவிதிப்படி உண்ணத்தக்க விலங்கின் தோலில், சோஃபர் எனப்படும் எழுத்தர் கையால் எழுத வேண்டும். 22 வரி, 713 எழுத்து. ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டாலே செல்லாது. வரிசை மாறாமல் எழுத வேண்டும் என்பதால், முதல் வரியில் விட்ட எழுத்தைக் கடைசி வரியில் கவனித்தால் திரும்பிப் போய்ச் செருகவும் முடியாது. அத்தனை உழைப்பும் வீண். அந்த விலை இதற்குத்தான். உறைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ஏட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம், ஏழு வருஷத்தில் இரண்டு முறை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஈரத்திலும் வெயிலிலும் மை உதிர்ந்துவிடும்.

கேள்வி: நம்ம ஊர்த் தாயத்து மாதிரி, காவலுக்கா?

காவல் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஏட்டின் பின்பக்கம் எழுதும் ‘ஷத்தாய்’ என்ற கடவுள் பெயரையே ‘இஸ்ரயேலின் கதவுகளைக் காப்பவர்’ என்று விரித்துச் சொல்வார்கள். ஆனால் 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ், உள்ளே தேவதூதர் பெயர்களை எழுதுகிறவர்களுக்கு மறுமையில் பங்கே இல்லை என்று எழுதிவிட்டார். கடவுள் ஒருவரே, அவரிடம் அன்பு செலுத்து என்று சொல்லும் கட்டளையைச் சொந்த லாபத்துக்கான தாயத்தாக்கிவிட்டார்களே என்று அவருக்குக் கோபம். போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டு, அன்றாட அலைச்சலில் தூங்கிப்போன மனசு விழிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நானும் அவர் கட்சிதான்.

கேள்வி: சில வீடுகளில் சாய்வாக, சில வீடுகளில் நேராக. ஏன்?

நிமிர்த்தி வை என்றார் இடைக்கால யூத அறிஞர் ராஷி. படுக்கையாக வை என்றார் அவருடைய பேரன் ரப்பேனு தாம். மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்களான அஷ்கெனாசிகள் இரண்டுக்கும் நடுவே சாய்த்துவிட்டார்கள். ஸ்பெயின் மரபு யூதர்களான செபார்திகள் நேராகவே வைக்கிறார்கள். நுழையும்போது வலப்பக்கம் இருக்க வேண்டும். கழிவறைக்குக் கிடையாது.

கேள்வி: வாடகை வீடு என்றால்?

இஸ்ரேலுக்கு வெளியே மெசூசா வைக்க 30 நாள் அவகாசம் உண்டு. காலி செய்யும்போது, அடுத்து யூதர் குடிவருவதாக இருந்தால் கழற்றக் கூடாது. ஏட்டுக்கான பணத்தை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.