வீட்டுக் கடன்: தவணை தவறினால் வீடு போய்விடுமா?

திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் வேலை. ஆர்டர் குறைந்ததால் சம்பளம் பாதியாகிவிட்டது. போன வருடம்தான் 30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். 9 சதவிகித வட்டி, 20 வருடம், மாதத் தவணை 26,992 ரூபாய். ஜனவரி 5, பிப்ரவரி 5 தவணைகள் நின்றுவிட்டன. கடன் காலத்தை நீட்டிக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குத் தவணை குறையாது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு 30 லட்சத்துக்கே போட்டுப் பார்ப்போம். 25 வருடமாக்கினால் தவணை 25,176 ரூபாய்; 30 வருடமாக்கினால் 24,139. பத்து வருடம் கூடுதலாகக் கட்டியும் மாதம் மிச்சமாவது 2,853 ரூபாய்தான். காரணம், 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 22,500 ரூபாய். எத்தனை வருடம் நீட்டினாலும் தவணை அதற்குக் கீழே இறங்காது. வட்டி விகிதத்தைக் குறைப்பது இதைவிட லாபம். 8.5 சதவிகிதமானால் அதே 20 வருடத்தில் தவணை 26,035. புதிய வாடிக்கையாளருக்கு உங்கள் வங்கி குறைந்த வட்டியில் கொடுக்கிறதென்றால், உங்கள் கடனையும் அந்த விகிதத்துக்கு மாற்றக் கேளுங்கள். சிறு கட்டணம் கேட்பார்கள். வேறு வங்கிக்குக் கடனை மாற்றும் வழி, தவணை பாக்கி நிற்கும்வரை உங்களுக்கு அநேகமாக அடைபட்டதுதான்.

இப்போது நீங்கள் கண் வைக்க வேண்டியது தேதியில். நிற்கும் தவணைகளில் மிகப் பழையது 90 நாளைத் தொட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். உங்களுக்கு அது ஏப்ரல் முதல் வாரம். கட்டுகிற பணம் பொதுவாகப் பழைய பாக்கிக்குத்தான் முதலில் வரவாகும். ஆகவே மார்ச் மாதத்தில் ஒரே ஒரு தவணை கட்டினாலும் ஜனவரி பாக்கி தீர்ந்து, கெடு மே மாதத்துக்குத் தள்ளிப்போகும். எந்தத் தவணைக்கு வரவு வைத்தார்கள் என்று ஸ்டேட்மெண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வாராக்கடன் ஆனபிறகு இந்த வித்தை செல்லாது. பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் இதைத் தெளிவாக்கிவிட்டது.

இதோடு, சில மாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். குறைந்த சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு இரண்டையும் இணையுங்கள். மேலாளர் தயங்கினால் அது அவருடைய கல்மனம் அல்ல. கஷ்டத்தைக் காரணம் காட்டிக் கடனை மாற்றியமைத்தால், விதிப்படி அந்தக் கணக்கையே வாராக்கடன் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அது ஏறும். இன்னொன்று: 2024-லிருந்து தாமதத்துக்கு அபராத வட்டி கிடையாது, அபராதக் கட்டணம் மட்டும்தான். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

மதுரையிலிருந்து எழுதுகிறேன். அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ் வந்திருக்கிறது. உடனே கோர்ட்டுக்குப் போகவா, வீட்டை விற்றுவிடவா?

நோட்டீஸ் வந்ததும் வீடு கைமாறிவிடாது. முதலில் 60 நாளுக்குள் பதில் போடுங்கள். தொகையில் பிழையா, கட்டிய பணம் வரவாகவில்லையா, அடமானம் வைத்தது விவசாய நிலமா, பாக்கி மொத்தக் கடனில் 20 சதவிகிதத்துக்கும் கீழா? கடைசி இரண்டுக்கும் இந்தச் சட்டமே பொருந்தாது. உங்கள் ஆட்சேபத்துக்கு வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை எதிர்த்து வழக்குப் போட முடியாது; சிவில் கோர்ட்டும் இதில் தலையிடாது. 13(4)-ன் கீழ் வங்கி சுவாதீன நோட்டீஸை வாசலில் ஒட்டியபிறகுதான் கடன் மீட்புத் தீர்ப்பாயம். அதற்கு 45 நாள் அவகாசம். உங்களுக்கு மதுரையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது.

வருமானம் திரும்ப வழியில்லை என்றால் நீங்களே விற்பதுதான் எங்கள் யோசனை. ஏலத்தில் எடுப்பவர் வில்லங்கம், குடியிருப்பவரைக் காலி செய்யும் தொல்லை எல்லாவற்றையும் விலையில் கழித்துக்கொண்டுதான் கேட்பார். ஆனால் 13(2) நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. சம்மதத்தோடு ஃபோர்குளோஷர் லெட்டரும் வாங்குங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்பதுதான் அதில் இருக்கும். வாங்குபவர் பணத்தை நேரே உங்கள் கடன் கணக்குக்குச் செலுத்த, வங்கி அசல் பத்திரங்களைத் தந்து எம்.ஓ.டி. (பத்திரங்களை ஒப்படைத்து வைத்த அடமானப் பதிவு) ரத்து ரசீதைப் பதிவு செய்து கொடுக்கும். அது பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்ததாகத் தெரியும். பலருக்குச் சறுக்குகிற இடம் அட்வான்ஸ். அதைக் கைமாற்றுக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் வங்கிக்குக் கட்ட இரண்டு லட்சம் குறைந்து நிற்பார்கள்.

ஏலத்துக்கு முதல்நாள் பணத்தோடு ஓடிப்போய் வீட்டை மீட்ட கதைகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரைதான் மீட்கும் உரிமை. உச்ச நீதிமன்றமும் 2023-ல் இதை உறுதி செய்துவிட்டது.

பாதித் தொகையில் 'செட்டில்மெண்ட்' முடித்துத் தருவதாக ஒருவர் 50,000 ரூபாய் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். ஒரே தவணைத் தீர்வுக்கு நீங்களே கிளையில் மனு கொடுக்கலாம். அது வங்கியின் விருப்பம், கடன்காரரின் உரிமை அல்ல என்று 2021-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே யாரும் உத்தரவாதம் தர முடியாது. வீடு அடமானத்தில் இருக்கும்போது வங்கி பாதியைத் தள்ளுபடி செய்வதும் அபூர்வம். ஒப்புக்கொண்டால் கடிதம் வாங்கிய பிறகே பணம், அதுவும் கடன் கணக்கில் மட்டும். சொன்ன தேதி தவறினால் சலுகை போய்விடும். சிபிலில் 'முழுதும் அடைத்தது' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும்.

வசூல்காரர்கள் இரவு 9 மணிக்குப் போன் செய்கிறார்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. அழைப்புப் பதிவோடு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. கடன் அவர் பெயரில். தவணை கேட்கிறார்கள்.

கட்டுவதற்கு முன், கடன் கொடுத்த நாளின் ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் காப்பீட்டு பிரீமியம் என்று ஒரு தொகை பிடித்திருந்தால், பாலிசி இருக்கிறது. கடனோடு சேர்த்துத் தலையில் கட்டியதால் பல குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இறப்புச் சான்றிதழோடு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் போட்டு, அதன் நகலைக் கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிளெய்ம் முடியும்வரையும் வட்டி ஓடும், 90 நாள் கணக்கும் நிற்காது. முடிந்தால் அதுவரை வட்டியையாவது கட்டிவாருங்கள்.

ஏலத்தில் வீடு போனால் கணக்கு முடிந்ததா?

இல்லை. கடனும் செலவும் போக மிஞ்சினால் அது உங்கள் பணம், எழுதிக் கேட்டு வாங்குங்கள். குறைந்தால் மீதியை உங்களிடமும் ஜாமீன் போட்டவரிடமும் வங்கி வசூலிக்கலாம்.