இறந்துபோன ஆசிரியையைப் பற்றிக் காரியத்தில் என்ன பேசுவது?

"தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்தவர். நான் வேலைக்குப் போன பிறகு நெருங்கிய தோழியாகவே ஆகிவிட்டார். போன வாரம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். என்ன பேசுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இப்படி ஒரு டீச்சர் இருந்தார். என் கையிலும் இதே போல மைக்கைக் கொடுத்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

எதைப் பேச வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏணி, தோணி, மெழுகுவர்த்தி மூன்றையும் தொடாதீர்கள். "தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தந்தவர்" என்று உங்களுக்கு முன்னால் பேசுகிறவர் கட்டாயம் சொல்லிவிடுவார். பள்ளி வாரியத்திலிருந்து ஒருவர் வருவார், முன்னாள் மாணவர்கள் சார்பில் ஒருவர் வருவார், இருவருமே சொல்வார்கள். எங்கள் டீச்சர் வீட்டுப் பந்தலில் அன்று மதியத்துக்குள் அவரை மெழுகுவர்த்தியாகவும் ஆக்கிவிட்டார்கள், தியாகச் சுடராகவும் ஆக்கிவிட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு, யாருடைய காரியத்துக்கு வந்திருக்கிறோம் என்றே சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் சொன்ன அம்மையாரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவருக்கு வாய் நீளம், கோபம் வரும், ஊர்க்கதை பிடிக்கும், நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் பிடிக்கும்.

எங்கள் ஊர் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலக்கங்சார் போகும் வழியில் இருக்கிறது. மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்று சொன்னால் மலேசியத் தமிழர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சுற்றிலும் தோட்டங்கள். சம்பளம் போட்ட வாரத்தில் டவுனில் நடக்க இடம் இருக்காது. டீச்சர் பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அவருடைய அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கச் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் அல்லவா? எங்கள் ஊர்ப் பணத்தில் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுத்தவர்களில் அந்த அப்பாவும் ஒருவர். மகளைச் சுங்கைப் பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பியபோது மனிதர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாராம். "அப்பாவுக்கு நான் டீச்சரானது பெருசில்ல, பங்குச் சீட்டு வாங்குனதுதான் பெருசு" என்பார் டீச்சர்.

எங்களுக்கு அவர் தமிழ் எடுத்தார். கட்டுரையில் தன்கதை என்று ஒரு வகை உண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது. நான் ஒரு குடை, நான் ஒரு பேனா, நான் ஒரு மிதிவண்டி. எல்லாக் குடையும் ஒரு தொழிற்சாலையில் பிறக்கும், லோரியில் ஏறிக் கடைக்கு வரும், நல்ல எஜமானர் ஒருவர் வாங்குவார், கடைசியில் கிழிந்துபோய்க் குப்பைத்தொட்டியில் கிடந்து அழும். இதை நாங்கள் மனப்பாடமே செய்து வைத்திருந்தோம். குடை என்ற இடத்தில் பேனா என்று மாற்றினால் வேலை முடிந்தது.

ஒருநாள் கரும்பலகையில் "நான் ஒரு மங்கு" என்று எழுதினார். வகுப்பே சிரித்தது. மங்கு என்பது பால்மரத்தில் பால் சொட்டி விழக் கட்டிவைக்கும் கிண்ணம். எங்கள் அம்மாக்கள் தினமும் நூற்றுக்கணக்கில் தொடுகிற சாமான். அதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?

நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் மங்கும் தொழிற்சாலையில்தான் பிறந்தது, லோரியில்தான் வந்தது. டீச்சர் எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: மழை வந்தால் உன் கதி என்ன? எனக்குத் தெரியவில்லை. "எனக்கும் சரியாத் தெரியல. ஒங்கம்மாவக் கேட்டுட்டு வா" என்றார்.

அம்மா அப்போது சோறாக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாமா கேட்கிறார்கள் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தவர் அடுப்பையே மறந்துவிட்டார். விடியும் முன் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற நின்றுபோகும். பால் எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டால் பட்டையோடு தண்ணீர் இறங்கி மங்கு நிரம்பும், நிரம்பி வழியும், மரத்தடி எல்லாம் வெள்ளையாக ஓடும். தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் வாளியை மாட்டிக்கொண்டு ஓடி ஓடிச் சேர்த்தாலும் பாதி தண்ணீர்தான். ஸ்டோரில் கிராணி, தோட்டத்துக் கணக்கர், உதட்டைப் பிதுக்குவார். "அன்னைக்கு வெட்டுனது மண்ணுக்கு" என்று முடித்தார் அம்மா. அவர் பள்ளிக்கூடம் பக்கம் போனவரில்லை. என் பாடத்தில் ஒரு சந்தேகத்தை அவரிடம் கேட்கலாம் என்று எங்கள் இருவருக்குமே அதுவரை தோன்றியதில்லை.

டீச்சரும் லயத்துப் பிள்ளை, அவர் அப்பாவும் பால் வெட்டியவர் என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது. மழை வந்தால் மங்கு என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது! கேட்டபோது, "தெரியும்னு சொல்லியிருந்தா நீ ஒங்கம்மாகிட்ட போயிருப்பியா?" என்றார்.

இன்னொரு விஷயம், கையெழுத்து வேட்டை. இடைநிலைப் பள்ளிக்குப் போனால் எல்லாப் பாடமும் மலாயில். நாங்களெல்லாம் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்து மலாயைத் தேற்றிக்கொண்டுதான் படிவம் ஒன்றுக்குப் போனோம். அங்கே தமிழும் படிக்க வேண்டும் என்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். இது கல்விச் சட்டத்திலேயே உள்ளது; 1961 சட்டத்தில் இருந்தது, 1996 சட்டத்திலும் இருக்கிறது. பதினான்கு பேர் வந்து நின்றால் சட்டம் கைகொடுக்காது. டீச்சர் தொடக்கப்பள்ளிக்காரர், அதற்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் தன் பழைய மாணவர்களின் வீடு வீடாகக் கப்சாயில், அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளில், போவார். முன்கூடையில் ஒரு ஃபைல், விண்ணப்பப் பாரங்கள், எழுதப் பழகாதவர்களுக்கு ஒரு மைப்பெட்டி.

எங்கள் லயத்தில் ஒருவர் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "தமிழ் படிச்சா கவர்மெண்டு வேல கெடைக்குமா டீச்சர்?" என்று கேட்டார்.

"கெடைக்காதுங்க. கையெழுத்துப் போடுங்க."

மனிதர் சிரித்துவிட்டுப் போட்டார். டீச்சர் மொழியின் அருமை பெருமை எதையும் எடுத்துவிடவில்லை. அந்த வீட்டில் நின்று பேச நேரமும் இல்லை, அடுத்த லயத்துக்குப் போக வேண்டும்.

நட்பு எப்போது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு, ஏதோ நிலப்பட்டா பாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பாரம் முடிந்தும் வருவது நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் பாசாருக்குப் போய்விட்டு, ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு, பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருப்போம். என்ன பேசினோம்? தொடர் நாடகம், யார் மகள் யாரோடு போனாள், என் மாமியார், அவருடைய அண்டை வீட்டு வேலித் தகராறு. அரசியலில் எங்களுக்கு ஒத்தே வராது. ஒருமுறை தேர்தல் நேரத்தில் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே போன் செய்து, மீன் குழம்புக்கு மாங்காய் போடுவதா புளி போடுவதா என்று கேட்டார். அவருக்குத் தெரியாததா?

2019 தொடக்கத்தில் தமிழ் நேசன் நின்றது. 1924இலிருந்து வந்துகொண்டிருந்த பத்திரிகை. அவர் தன் அப்பாவுக்குப் படித்துக் காட்டிய பத்திரிகை. அன்றைக்குப் போன் செய்தேன். "தலைமுழுகிட்டு வந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆசிரியர் தினத்துக்குப் பூ கொண்டுபோனால் திட்டுவார். மே 16 என்பது 1956இல் ரசாக் கல்வி அறிக்கையை ஏற்றுக்கொண்ட நாள், அதற்கு எனக்கு எதற்குப் பூ என்பார். நம்பர் வாங்கிக் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார். புதன், சனி, ஞாயிறு குலுக்கல். கனவில் வந்தது, பேருந்து எண், புதிதாகப் பிறந்த குழந்தையின் நேரம் எல்லாம் ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தார். பெரிதாக ஒன்றும் விழுந்ததில்லை. டீச்சராக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்களிடம், "பாடப் புத்தகத்துல செய்யாதேன்னு இருக்கா?" என்று கேட்பார். எனக்கும் அந்தப் பழக்கத்தில் உடன்பாடு இல்லை, சொல்லியும் இருக்கிறேன். அவர் அதையும் ஒரு நம்பராக்கிவிட்டார். என் பிறந்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கடைசிச் சில ஆண்டுகள் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. விடுப்புக் கிடைத்த நாள்களில் நான் காரில் கொண்டுபோய் விடுவேன். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற சீன லோரி டிரைவர் ஒருவர். இவருக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் உடைந்த மலாயில் நாலு மணி நேரமும் நம்பர் பேசுவார்கள். தாதி வந்து அதட்டினால் இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்கள்.

தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், இளநீர் ஆகாது. அவர் வீட்டு வாசலில் ஒரு பெலிம்பிங் மரம், நட்சத்திரப் பழ மரம், நின்றது. நட்சத்திரப் பழம் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு விஷம், உயிருக்கே ஆபத்து. அதுவோ கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மரத்தை வெட்டிவிடலாம் என்று தம்பி சொன்னதற்கு விடவில்லை. பழுத்ததைப் பறித்து, ஓரத்து நரம்பைச் சீவி, நட்சத்திரம் நட்சத்திரமாக நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி என் முன் வைப்பார். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே, "புளிக்குதா? நல்லாப் பழுத்திருக்கா?" என்று விசாரிப்பார். நான் விவரமாகச் சொல்ல வேண்டும். சும்மா "நல்லாருக்கு" என்றால் விடமாட்டார். எப்படி நல்லாருக்கு?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவரை மின்சுடலைக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றதும், பந்தலில் இருந்த சிலர் நைசாக வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். நம் ஊரில் நடக்கிறதுதான். நானும் குறித்துக்கொண்டேன். ரெண்டு வெள்ளிக்கு எடுத்தேன். ஒன்றும் விழவில்லை.

பதினாறாம் நாள் என்னைப் பேசச் சொன்னபோது இதைத்தான் சொன்னேன். மங்குக் கட்டுரையைச் சொன்னேன், "கெடைக்காதுங்க, கையெழுத்துப் போடுங்க" என்றதைச் சொன்னேன், வண்டி நம்பரையும் சொன்னேன். முன்வரிசைப் பெரியவர்கள் இருவர் முகம் சுளித்தார்கள். டீச்சரின் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், பிறகு அது அழுகையாகிவிட்டது. அது வரை அவர் அழுது நான் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஒரு பையன், "எங்கப்பாதான் டீச்சர்கிட்ட கையெழுத்துப் போட்ட அந்தப் பதினஞ்சாவது ஆளு" என்று என்னிடம் வந்து சொன்னான். இப்போது அவன் லோரி ஓட்டுகிறானாம். இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எழுதினானாம்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அவர் உங்களிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை, அவர் சொன்ன மாதிரியே, கொச்சை இருந்தால் கொச்சையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயமாக இருந்தால் முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் தம்பியிடம் நம்பர் கதையைச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுத்தான் மைக்கைப் பிடித்தேன். ஆசிரியைதானா, தோழிதானா, எந்த உரிமையில் பேசுகிறோம் என்று குழம்ப வேண்டாம். அங்கே யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

எழுதி வைத்துப் படிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பன்னிரண்டரைக்குப் படையல், அதற்குப் பிறகு இலை போட்டுவிடுவார்கள். இலை போட்டபின் யார் பேசினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.