சத்ரியாவுக்குள் இரும்புக் கூண்டு: யாருக்குப் பாதுகாப்பு?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் வேலை செய்கிறேன். மகனுக்கு 23 வயது, எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். பழைய புரோட்டோன் சத்ரியா ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். தோட்டத்து வளைவில் ஒரு கார் கால்வாயில் கவிழ்ந்ததைப் பார்த்ததிலிருந்து, "காருக்குள் இரும்புக் குழாயால் ரோல் கேஜ் போட்டால் எது வந்தாலும் தாங்கும்பா" என்கிறான். பின் பகுதிக்கு மட்டும் ஹாஃப் கேஜ் பூட்ட 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். அந்தக் காரில்தான் என் சின்ன மகள் பள்ளிக்குப் போய் வருகிறாள். போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அதுவும் உங்கள் மகள் பின்னால் உட்காரும் காருக்குக் கூடவே கூடாது.

மகன் சொல்வது முழுக்கத் தவறில்லை. ஒழுங்காகச் செய்த கூண்டு, கார் உருளும்போது கூரை அமுங்காமல் தாங்கும். ராலி கார் நாலைந்து முறை உருண்ட பிறகும் ஓட்டுநர் தானாக வெளியே வருவதைப் பார்த்திருப்பான். ஆனால் அவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. இருக்கை பின்னால் சாயாத பக்கெட் சீட். ஐந்தாறு பட்டை வைத்த ஹார்னஸ் அவரை அந்த இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. கழுத்தைக் காக்க ஹான்ஸ் என்ற தாங்கி தோளில் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் இருந்தால்தான் கூண்டு உயிர் காக்கும். இவை எதுவும் இல்லாமல் கூண்டை மட்டும் பூட்டினால், வெறும் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து வைத்தது மட்டும்தான் மிச்சம்.

நாம் தினமும் போடும் பெல்ட்டு இடுப்பையும் ஒரு தோளையும்தான் பிடிக்கும். மோதும்போது அது கொஞ்சம் இழுபடும். நெஞ்சு ஒரேயடியாக அடிவாங்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் தலை முன்னும் பக்கமும் வீசப்படும். அந்த வீச்சுக்கு இடம் விட்டுத்தான் காரின் உட்பக்கம் அமைந்திருக்கிறது. முச்சந்தியில் ஒரு வேன் பக்கவாட்டில் இடித்தால், அது வேகமாகக்கூட வர வேண்டியதில்லை, மண்டை குழாயில் மோதும். பின்னாலிருந்து லோரி இடித்தாலோ, சாதாரண முன் இருக்கை பின்பக்கமாகச் சாயும். ஹாஃப் கேஜின் பெரிய வளைவு சரியாக அங்கேதான் நிற்கிறது, ஓட்டுநரின் பின்தலைக்கு நேராக. உங்கள் மகளுக்கு அதே வளைவும் அதன் குறுக்குக் கம்பியும் முகத்துக்கு எதிரே இருக்கும். திடீர் பிரேக்கே போதும், காயம் பட.

"குழாய்க்குப் பஞ்சு சுற்றித் தருகிறோம்" என்பார்கள். ஏர்கோன் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரையைத்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அழுத்தத்துக்கே உள்ளே இரும்பு தட்டுப்படும். மோதலில் அது எதைத் தாங்கும்? பந்தயத்துக்கென்று எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8857-2001, எஸ்எஃப்ஐ (அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பு) 45.1 என்ற தரங்களில் கெட்டியான உறை கிடைக்கிறது. அதுவும் ஹெல்மெட் போட்ட தலையை மனதில் வைத்துச் செய்ததுதான்.

அடுத்து நான்கு பட்டை ஹார்னஸ் போடுகிறேன் என்பான் மகன். கால்களுக்கு இடையே வரும் பட்டை இல்லாவிட்டால் பல ஹார்னஸ்களில் தோள் பட்டை இறுகும்போது இடுப்புப் பட்டை மேலே ஏறி வயிற்றை அழுத்தும். அதைவிடப் பெரிய ஆபத்து கழுத்துக்கு. உடல் அசையாமல் தலை மட்டும் முன்னால் பாய்ந்தால் மண்டையோட்டின் அடிப்பாகம் உடையும். அமெரிக்கப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரியில் டேடோனாவில் இறந்தது இந்தக் காயத்தால்தான். அவ்வளவு அனுபவசாலிக்கே அந்தக் கதி. அதன் பிறகு கழுத்துத் தாங்கி பல பந்தயங்களில் கட்டாயமானது. ஃபார்முலா ஒன்றில் 2003இல்.

உங்கள் சத்ரியாவில் காற்றுப்பை இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். புதிய கார் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: பக்கத் திரைக் காற்றுப்பை கூரை ஓரத்திலிருந்துதான் கீழே விரியும். முழுக் கூண்டின் குழாய் அதே ஓரத்தில்தான் போகிறது.

சட்டமும் இருக்கிறது. காரின் கட்டமைப்பில் கைவைக்க மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். "எல்லாரும் போட்டுத்தானே ஓடுகிறார்கள்" என்ற பேச்சு அனுமதி ஆகாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே தகராறாகும்.

அந்த 1,800 வெள்ளியை இப்படிச் செலவு செய்யச் சொல்லுங்கள். முதலில் டயர். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளை ஒட்டிய வரிசையில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1219 என்றால் 2019ஆம் ஆண்டின் 12வது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்; மழையில் தோட்டத்துச் செம்மண் தார்ச்சாலையில் வழியும்போது வழுக்கிக் கால்வாய்க்குப் போவது அந்த டயர்தான். பிறகு பெல்ட்டு. இவ்வளவு பழைய காரில் பட்டை நைந்திருக்கும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டாமலும் போகும். எல்லா பெல்ட்டையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய கார்களைப் பாதியாக வெட்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் வரும் பெல்ட்டு ஏற்கெனவே ஒரு விபத்தில் இழுபட்டதாக இருக்கலாம். பின் இருக்கைக்கும் பெல்ட்டு 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம், தோட்டத்துக்குள் ஓட்டினாலும் மகளுக்குப் போட்டுவிடுங்கள். கார் உருளும்போது பலர் சாவது வெளியே தூக்கி எறியப்படுவதால். அதைத் தடுப்பது பெல்ட்டு.

கேள்வி: நானும் சுங்கை சிப்புட்தான் அண்ணே. என்னிடம் சாலையில் ஓடாத கார் ஒன்று இருக்கிறது, லோரியில் ஏற்றி செப்பாங்குக்குக் கொண்டுபோய் பந்தய டிராக்கில் மட்டும் ஓட்டப் போகிறேன். கேஜ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: தம்பி, உங்களுக்குக் கூண்டு அவசியம். முதலில் நீங்கள் ஓடப்போகும் போட்டியின் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எஃப்ஐஏ கேட்பது, பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50க்கு 2.0. குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். வெட்டிய முனையில் கேலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். உட்சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடினால் அது தகட்டைச் சுருட்டி வெல்டிங் செய்த குழாய். தண்ணீர்க் குழாயையோ வேலிக்குப் போடும் ஜிஐ குழாயையோ காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, கூண்டின் கால். காரின் தரைத் தகடு மிக மெல்லிசு. அடியில் தகடு வைக்காமல் நிறுத்திய குழாய், சேற்றில் குடைக்கம்பி இறங்குவதுபோல் அதைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமுள்ள, 120 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தகடு வேண்டும். போல்ட்டு எம்8 (8 மில்லிமீட்டர்), 8.8 தரம், காலுக்குக் குறைந்தது மூன்று. தரை துருப்பிடித்திருந்தால் முதலில் அதை வெட்டி மாற்றுங்கள்.

மூன்றாவதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. கூரையை ஒட்டிய மூட்டுகளின் மேல்பக்கத்துக்கு வெல்டிங் துப்பாக்கி எட்டாது. கீழே அழகாகப் பற்றவைத்து, மேலே வெறுமனே விட்டுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். சின்னக் கண்ணாடியை மேலே நுழைத்து டார்ச் அடித்துப் பாருங்கள், சுற்று முழுக்க வெல்டிங் ஓடியிருக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே பார்ப்பேன் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ரோல் கேஜுக்கு 2.5 மில்லிமீட்டர் கனம் என்று பில்லில் போட்டு 1.6 குழாயைப் பூட்டிவிட்டார்கள். கேட்டால் பணம் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தக் காரை டிராக்கில் இறக்காதீர்கள். பில், அளந்த படம், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் (டிரிபியூனல்) மனு போடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை இருக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். குழாயை வெட்டி எடுக்கும் முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் அளவை எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.