சுவரில் ஓதம் ஏறினால் செலவு யாருடையது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில், பழைய வீடு ஒன்றின் கீழ் போர்ஷனில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் போதும், படுக்கையறைச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறிக் காரை பொரிந்து கொட்டுகிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். ஐந்து வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. வீட்டுக்காரரோ, “உள்ளேயே துணி காயப்போடுகிறீர்கள், ஜன்னலைத் திறப்பதில்லை, அதனால்தான். காலி செய்யும்போது பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன்” என்கிறார். தப்பு எங்கள் மேல்தானா?

பதில்: இடுப்புயரம் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. உள்ளே துணி காயப்போட்டு வரும் ஈரம் தரையிலிருந்து கோடு பிடித்தாற்போல் மூன்றடிக்கு ஏறாது. அது மூலை முடுக்கிலும் காற்றுப் புகாத பீரோ முதுகிலும் புள்ளி புள்ளியாகப் பூக்கும். கீழிருந்து ஏறி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, காரையைப் பொரிய வைப்பது பெரும்பாலும் மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சுகிற ஈரம்தான். பல பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு வைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். போதாததற்கு, ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு வீதி உயர, வீடு பள்ளத்துக்குப் போய்விடுகிறது. மழை நாளில் தண்ணீர் சுவரை ஒட்டித் தேங்குகிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். தேங்கினால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

வீட்டுக்காரருக்குக் காட்ட இன்னொரு சோதனையும் உண்டு. சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சாண் வெட்டி, சுவரைத் துணியால் ஒற்றிவிட்டு, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோர்த்தால் அறைக்காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. மழையே இல்லாத சித்திரையிலும் ஓரிடம் மட்டும் நசநசவென்று இருந்தால், சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

உங்கள் வீட்டில் மண்ணின் ஈரம், அறைக்காற்றின் ஈரம் இரண்டும் கலந்திருக்கலாம். ஏற்காட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தவள் நான். பனி இறங்கும் மாதங்களில் எந்த பீரோவையும் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்று முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார். நீங்களும் ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். துணியை வெளியே போட முடியாத நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த அளவுக்கு உங்கள் பங்கு உண்டு.

சரி, சட்டத்துக்கு வருவோம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்தே கொடுத்திருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர் டேப்பின் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி உங்கள் பொறுப்பு. மண்ணீர் ஏறும் சுவர் முதல் வகை. அதற்காக உங்கள் அட்வான்ஸில் கைவைப்பது நியாயமே இல்லை. ஆனால் குளியலறை டேப் மாதக்கணக்கில் சொட்டி அந்தச் சுவர் நனைந்திருந்தால், வாஷரை மாற்றாதது உங்கள் தவறு. ஒப்பந்தத்தில் ரிப்பேர் பற்றித் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்று நம் ஊரில் இன்னும் பலர் நம்புகிறார்கள். இந்தச் சட்டத்தில் அப்படியில்லை. எழுத்தில் போட்டு, இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். உங்களுடையது பதியவில்லையென்றால், சண்டை முற்றும் முன் அதை முடித்துவிடுங்கள்.

இதுவரை வாயால்தான் சொல்லியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இனி எழுதிக் கொடுங்கள். எந்தச் சுவர், எப்போதிலிருந்து, என்ன செய்து தர வேண்டும் என்பது தேதியோடு இருந்தால் போதும். கோபம் வேண்டாம். அதன் பிறகும் அவர் மறுத்தால், செய்ய வேண்டிய ரிப்பேரை நீங்களே செய்து வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. அது குழாய்க்குச் சரி, இந்தச் சுவருக்கு நான் சொல்ல மாட்டேன். செலவு பெரிது, சிமென்ட் பூசி மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். வாடகை அதிகாரியிடம் போங்கள். வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போனால், 15 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுக் காலி செய்யவும் உரிமை உண்டு.

இதெல்லாம் நடக்க நாளாகும். குழந்தையை இன்றைக்கே வேறு அறையில் படுக்க வையுங்கள். பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் பறந்து மூச்சில் போகும். மூக்கை மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தச் சுவரின் போட்டோவையும் காட்டுங்கள்.