டாக்டரிடம் கேளுங்கள்: போனில் மகன், நேரில் வேற்றாள்

நிலாவின் பள்ளங்களைக் காட்டும் படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் மேடாகத் தெரிகிறதே, ஏன்?
– 9ஆம் வகுப்பு மாணவர், திருவண்ணாமலை

நல்லா கவனிச்சிருக்கே, தம்பி. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. மேல்பக்கம் வெளுப்பாகவும் கீழ்ப்பக்கம் இருட்டாகவும் இருந்தால் அது மேடு, மாறியிருந்தால் பள்ளம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1988-ல் இதை வெறும் நிழலிட்ட வட்டங்களை வைத்தே காட்டினார். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, குனிந்து உன் கால்களுக்கு நடுவே பார். படம் அப்படியேதான் இருக்கும், ஆனால் பள்ளம் மேடாகிவிடும். மூளைக்கு ‘மேல்’ என்பது உன் உச்சந்தலை இருக்கும் பக்கம், வானம் இருக்கும் பக்கம் அல்ல.

பட்டாசு வெடித்து என் தம்பிக்கு ஒரு கண் போய்விட்டது. இனி தூரம், ஆழம் எதுவும் தெரியாதா?
– ஒரு வாசகி, சிவகாசி

தெரியும், அம்மா. இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருப்பதால் ஒவ்வொன்றிலும் சற்றே வேறான பிம்பம் விழுகிறது. அந்த வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தை அறிகிறது என்று இங்கிலாந்து விஞ்ஞானி வீட்ஸ்டோன் 1838-லேயே விளக்கினார். உங்கள் தம்பி இழந்தது இந்த ஒரு வழியைத்தான். ஒன்றை ஒன்று மறைப்பது, தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவது, நாம் நகரும்போது கிட்டே இருப்பது வேகமாக ஓடுவது, இதற்கெல்லாம் ஒரு கண் போதும். சிரமமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான். ஊசியில் நூல் கோக்கும்போது தலையை மெல்ல இடம் வலமாக அசைக்கட்டும். தண்ணீர் ஊற்றும்போது செம்பின் விளிம்பை டம்ளரில் தொட்டு ஊற்றட்டும். சில மாதங்களில் பழகிவிடும். இன்னொரு கண்ணைக் காக்க, பவர் இல்லாவிட்டாலும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போட்டிருக்க வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது.

தலையில் அடிபட்டுத் தேறிய என் அம்மா, “நீ என் பையன் இல்ல, அவன மாதிரியே வந்திருக்க” என்கிறார். பக்கத்து அறையிலிருந்து போன் செய்தால், “எப்பப்பா வருவ?” என்று அழுகிறார். நான் என்ன பாவம் செய்தேன்?
– ஒரு மகன், தேனி

நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. உங்கள் அம்மாவின் பாசமும் போகவில்லை. போனில் கேட்டது அந்தப் பாசம்தான்.

பிரான்சின் மனநல மருத்துவர் காப்கிரா 1923-ல் இதைப் பதிவு செய்தார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. முகத்தை இன்னார் என்று அறிவது ஒரு வேலை. அறிந்ததும் உள்ளே ஓர் உணர்வு எழுவது இன்னொரு வேலை. நமக்கு இரண்டும் சேர்ந்தே நடப்பதால் தனித்தனி என்று தெரிவதில்லை. ராமச்சந்திரனும் அவருடைய சகாவும் 1997-ல் இப்படி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பெற்றோரின் படத்தைக் காட்டியபோது, உணர்வு எழும்போது வழக்கமாகத் தோலில் ஏற்படும் நுண்ணிய வியர்வை மாற்றம் அவருக்கு ஏற்படவில்லை. ஆனால் போனில் பேசினால் பெற்றோரை ஏற்றுக்கொண்டார். கண்ணிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் பாதை அறுந்து, காதின் பாதை பிழைத்திருக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். அம்மாவுக்கு உங்கள் முகம் தெரிகிறது, ஆனால் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை என்றால், ‘இது வேறு யாரோ’ என்றுதானே தோன்றும்? பொய் சொல்கிறார் என்றோ பிடிவாதம் என்றோ நினைக்கவே நினைக்காதீர்கள்.

“நான்தாம்மா” என்று வாதாட வேண்டாம், பயம்தான் கூடும். அறைக்குள் வருமுன் வாசலுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுங்கள், குரல் முதலில் போகட்டும். மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் இருவரையும் பாருங்கள். சிலர் ‘வேஷக்காரர்’ மீது கோபப்பட்டு அடிக்கவும் கூடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். போனில் அடையாளம் தெரிகிறது என்பதை அவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.