கவுன்ட்டரில் பாடிய பெண்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹாலிவுட்டின் முதல் பேசும்படங்களில் கடையில் வேலை பார்க்கும் பெண் பாடகியாக ஆசைப்படுவாள், கூடவே ஒரு காதலும் இருக்கும். இது வெறும் கற்பனையா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாதிக்கு மேல் நிஜம். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளில் பாட்டுத்தாள் (பாட்டின் வரிகளும் இசைக்குறிப்பும் அச்சிட்ட தாள்) விற்கத் தனி கவுன்ட்டர் இருந்தது. வுல்வொர்த்ஸ் அப்படிப்பட்ட ஒரு கடை. கேட்ட பாட்டைப் பியானோவோடு பாடிக்காட்டுவதும் அங்கே ஒரு வேலையாக இருந்தது. காதில் விழுந்தால்தானே தாள் விற்கும்! 1929-இல் ஃபர்ஸ்ட் நேஷனல் பட நிறுவனம் எடுத்த 'தி கேர்ள் ஃப்ரம் வுல்வொர்த்ஸ்' படத்தில் ஆலிஸ் ஒயிட்டுக்கு இந்த வேடம்தான். அதே ஆண்டு வார்னர் பிரதர்ஸ், விட்மார்க் உள்ளிட்ட பாட்டுப் பதிப்பகங்களை வாங்கிப்போட்டது. திரையில் கதாநாயகி பாடினால் கவுன்ட்டரில் தாள் விற்கும். இந்தக் கணக்கை விட்டுவிட்டு அந்தக் கதைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: அந்தக் காலத் தியேட்டர்களில் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போனது எதனால்?
— வாசகர், கோவை

பதில்: வைட்டாஃபோன் என்ற அன்றைய பேசும்பட முறையில் படம் ஃபிலிமில், ஒலி தனி இசைத்தட்டில். தட்டு 16 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். ஊசி உள்ளிருந்து வெளியே நகரும். உள்வட்டத்தில் கோடுகள் நெருக்கடியாக ஒலியைத் தாங்குவதால், ஊசி கூர்மையாக இருக்கும்போதே அதைக் கடந்துவிட வேண்டும். ஆபரேட்டர் தட்டில் உள்ள அம்புக்குறியில் ஊசியை வைத்து, ஃபிலிமின் தொடக்கக் கட்டத்தை (ஃபிரேம்) புரொஜெக்டரில் ஒளி பாயும் வாசலில் நிறுத்திவிட்டு இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் புது ஊசி.

வில்லங்கம் ஃபிலிம் அறும்போதுதான். கிழிந்த 2 அடியை வெட்டி ஒட்டினால் 32 கட்டம் போச்சு. விநாடிக்கு 24 கட்டம் என்றால், படம் 1⅓ விநாடி முந்திவிடும். திரையில் பாடுகிறவள் வாயை மூடிய பிறகும் குரல் கேட்கும். வெட்டிய கட்டங்களை எண்ணி, அதே அளவு கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதுதான் சரியான வைத்தியம். ஊசி கோடு தாண்டினாலோ, அந்த ரீல் முடியும்வரை பெரும்பாடு.

கேள்வி: நடித்துக்கொண்டே பாடினார்களா?
— வாசகி, மதுரை

பதில்: தொடக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான். கேமரா ஒலிபுகாக் கூண்டுக்குள், வாத்தியக்குழு கேமராவின் பார்வைக்கு வெளியே. மெழுகுத் தட்டில் பதிவதை வெட்டி ஒட்ட முடியாது. ஒரு சொல் தடுக்கினால் முழுப் பாட்டும் மறுபடி. மைக்கைவிட்டு முகத்தைத் திருப்பினாலே குரல் தேயும். அந்த நாயகிகள் விறைப்பாக நிற்பதைத் திறமைக்குறைவு என்று சொல்வது அநியாயம். 1929-இல் வெளியான 'தி பிராட்வே மெலடி'யின் நடனக் காட்சியொன்றைத் திரும்ப எடுத்தபோது, முன்பே பதிவான பாட்டை ஒலிக்கவிட்டு ஆடவைத்தார்கள். அந்த வழி பரவிய பிறகுதான் பாடுகிறவருக்குக் கை கால் விடுபட்டது.